இரவு இரண்டு மணிக்கு அழுத்தப்படும் பொத்தான்



ரமளான் மாதத்தின் ஸஹர் நேரம். உம்மா சோறு பரிமாறிக்கொண்டிருக்கிறார். மகனின் கைப்பேசி ஒலிக்கிறது. எடுத்துப் பார்த்தவன் கையைக் கழுவிவிட்டு மடிக்கணினியின் முன் அமர்ந்துவிடுகிறான். "ரெண்டு வாய் சாப்பிட்டுட்டுப் பார்க்கக் கூடாதா?" என்று வாப்பா கேட்கிறார். "கொஞ்சம் இருங்க வாப்பா" என்பதற்கு மேல் பதில் இல்லை. ஃபஜ்ருடைய பாங்கு ஒலிக்கும்போதும் அவன் அங்கேயே இருக்கிறான்.

சென்னையிலும் பெங்களூரிலும் துபாயிலும் ரியாதிலும் தரவுத்தள நிர்வாகிகளாகப் பணிபுரியும் நம் பிள்ளைகளின் வீடுகளுக்கு இது பழகிப்போன காட்சி. 'கம்ப்யூட்டர் வேலை' என்பதோடு வீட்டாரின் அறிதல் நின்றுவிடுகிறது. அந்த நேரத்தில் அவன் கையில் என்ன இருக்கிறது, எதற்காக அவன் முகம் வெளுத்தது என்பது யாருக்கும் தெரிவதில்லை. இதை எழுதும் நாங்கள் சிலர் அதே தொழிலில் இருப்பவர்கள். ஒரே ஒரு பொத்தானைப் பற்றி எங்களுக்கு ஒரு கருத்து உண்டு. அதைத் தொழில் செய்வோர் மட்டுமன்றி அவர்களுடைய குடும்பத்தாரும், அவர்களை வேலைக்கு வைத்திருப்போரும் அறிய வேண்டும் என விரும்புகிறோம்.

வங்கியோ, மருத்துவமனையோ, வளைகுடாவிலிருந்து ஊருக்குப் பணம் அனுப்பித் தரும் நிறுவனமோ, எதுவாயினும் அதன் கணக்குகள் ஒரு தரவுத்தளத்தில் இருக்கும். அதை ஒரே சர்வரில் வைத்தால் அந்தச் சர்வர் பழுதாகும் நாளில் நிறுவனமே நின்றுவிடும். ஆகவே இரண்டு, மூன்று சர்வர்களைச் சேர்த்து ஒரு கிளஸ்டராக வைப்பார்கள். அவற்றுள் ஒன்று மட்டுமே முதன்மைச் சர்வர். புதிய பதிவுகளை எழுதும் உரிமை அதற்கு மட்டும்தான். மற்றவை நகல் சர்வர்கள். முதன்மைச் சர்வர் எழுதுவதை உடனுக்குடன் வாங்கித் தம்மிடம் பிரதி எடுத்துக்கொண்டே இருக்கும். முதன்மைச் சர்வர் விழுந்துவிட்டால் நகல்களுள் ஒன்றை முதன்மை இடத்துக்கு உயர்த்த வேண்டும். இதற்குத்தான் ஃபெயில்ஓவர் என்று பெயர்.

முன்பு இதைச் செய்வதற்குக் கறுப்புத் திரையில் கட்டளைகளை ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. இன்று இணைய உலாவியிலேயே ஒரு நிர்வாகப் பக்கம் வந்துவிட்டது. மை எஸ்க்யூஎல் சர்வர்களுக்கான ஆர்கெஸ்ட்ரேட்டர் என்னும் மென்பொருள், சர்வர்களைப் பெட்டிகளாக வரைந்து காட்டும். ஒரு பெட்டியை மவுஸால் இழுத்து இன்னொன்றின் மேல் விட்டாலே நகல் சர்வர் தன் தலைவரை மாற்றிக்கொள்ளும். அமேசானின் ஆர்டிஎஸ் சேவையில் ஒரு சர்வரை மறுதொடக்கம் செய்யும்போது, 'ஃபெயில்ஓவருடன்' என்ற கட்டத்தில் ஒரு குறியிட்டால் போதும். இரு இடங்களில் வைக்கப்பட்ட தரவுத்தளம் பெரும்பாலும் 60 முதல் 120 வினாடிகளுக்குள் இடம் மாறிவிடும்.

இந்த வசதியைக் குறை சொல்வது எங்கள் நோக்கமன்று. தூக்கக் கலக்கத்தில் கட்டளை தட்டச்சு செய்வதன் ஆபத்தை 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனம் உலகுக்கே காட்டிக்கொடுத்தது. அவர்களுடைய நகல் சர்வர் பின்தங்கிப் போயிருந்தது. அதிலுள்ள பழைய கோப்புகளை அழித்துவிட்டுப் புதிதாகப் பிரதி எடுக்க ஒரு பொறியாளர் முனைந்தார். ஆனால் அவர் கட்டளையிட்டதோ முதன்மைச் சர்வரில். ஓரிரு வினாடிகளில் உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபி தரவில் 4.5 ஜிபி மட்டுமே எஞ்சியிருந்தது. அன்றாடக் காப்புப் பிரதியைத் தேடினால், அது பல நாட்களாகவே யாருக்கும் தெரியாமல் தோல்வியடைந்து வந்திருக்கிறது. வேறொரு தேவைக்காகத் தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்து வைத்திருந்த பிரதியே அவர்களைக் காப்பாற்றியது. நடந்ததை மறைக்காமல் எழுதி வெளியிட்டார்கள். மீட்புப் பணியை யூடியூபில் நேரலையாகவும் காட்டினார்கள். எந்தச் சர்வரில் நிற்கிறோம் என்பது திரையிலேயே தெளிவாகத் தெரிய வேண்டும் என்பது பின்னர் அவர்கள் செய்துகொண்ட திருத்தங்களுள் ஒன்று. ஒரு நல்ல நிர்வாகப் பக்கம் இதைத்தான் செய்கிறது: முதன்மை எது, நகல் எது என்று நிறம் பிரித்துக் காட்டுகிறது. ஆக, பக்கம் வேண்டும். அது நன்மையே.

எங்கள் ஆட்சேபம் வேறு இடத்தில் இருக்கிறது. கட்டளைகளைத் தட்டச்சு செய்த காலத்தில் பத்து வரி எழுதும் வரையிலாவது மனிதன் யோசித்தான். பொத்தான் அந்த யோசனைக்கான நேரத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டது. வேலை எளிதானதும் அதன் கனமும் குறைந்துவிட்டதாக நிறுவனங்கள் எண்ணிக்கொண்டன. ஆகவே அந்தப் பொத்தானைப் பணியில் சேர்ந்து ஆறு மாதமான இளைஞனிடம் தனியாகக் கொடுத்துவிட்டுப் பெரியவர்கள் உறங்கப் போய்விடுகிறார்கள்.

நிர்வாகப் பக்கத்தில் முதன்மைச் சர்வருக்கு எதிரே சிவப்புப் புள்ளி தோன்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். 'அது இறந்துவிட்டது' என்பதா அதன் பொருள்? இல்லை. 'என் கண்ணுக்கு அது தெரியவில்லை' என்பது மட்டுமே பொருள். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தில்தான் பல நிறுவனங்களின் கணக்குகள் சிதைந்திருக்கின்றன.

எங்களில் ஒருவருக்குச் சில ஆண்டுகளுக்கு முன் நேர்ந்தது இது. நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. இரவு இரண்டு மணி சுமாருக்குப் பக்கம் சிவந்தது. உண்மையில் முதன்மைச் சர்வருக்கு எதுவும் நேரவில்லை; அதைக் கண்காணிக்கும் சர்வருக்கும் அதற்கும் இடையிலான நெட்வொர்க் பாதை மட்டுமே அறுந்திருந்தது. அதை அறிந்துகொள்ள ஐந்து நிமிடம் போதும். ஆனால் அந்த ஐந்து நிமிடத்துக்குள் மேலாளர் மூன்று முறை அழைத்துவிட்டார். "இன்னும் ஏன் மாற்றவில்லை?" என்பதே அவருடைய ஒரே கேள்வி. நம் சகோதரர் பொத்தானை அழுத்தினார். 'வெற்றி' என்று பச்சை எழுத்தில் பக்கம் அறிவித்தது.

அடுத்த பதினொரு நிமிடங்களுக்கு அந்த நிறுவனத்தில் இரண்டு முதன்மைச் சர்வர்கள் இருந்தன. பாதிச் செயலிகள் புதியதில் எழுதின. மீதிப் பாதி பழையதிலேயே எழுதிக்கொண்டிருந்தன. அடுத்த ரசீது எண் என்னவென்று இரண்டு சர்வர்களும் தனித்தனியே எண்ணியதால், ஒரே ரசீது எண் இரு வேறு மனிதர்களுக்கு வழங்கப்பட்டது. இந்நிலையைத்தான் எங்கள் தொழிலில் ஸ்ப்ளிட் பிரெயின் என்பார்கள். ஒரே உடலில் மூளை இரண்டாகப் பிளந்து நிற்பது. எந்தப் பதிவை வைப்பது, எதை விடுவது என்று அதன்பின் மூன்று நாட்கள் இரண்டு பட்டியல்களையும் வரிவரியாக ஒப்பிட்டார்கள். இந்த வேலைக்குப் பொத்தான் கிடையாது. இறுதியில் 'கவனக்குறைவு' என்று அந்தச் சகோதரருக்கு ஒரு கடிதம் வந்தது. மூன்று முறை அழைத்தவருக்கு எந்தக் கடிதமும் வரவில்லை.

இதில் அநீதி இருக்கிறது என்பதே எங்கள் நிலைப்பாடு. சரியான நடைமுறை கற்றுத் தரப்படவில்லை, ஒத்திகை பார்க்கப்படவில்லை, 'உறுதி செய்த பின்னரே மாற்றலாம், அதுவரை சேவை நின்றாலும் பரவாயில்லை' என்று சொல்லும் அதிகாரம் அவருக்கு எழுத்தில் தரப்படவில்லை. பொத்தான் மட்டும் தரப்பட்டது.

ஜமாஅத் தொழுகையை அறிந்த நமக்கு இவ்விஷயம் புதிதாக இருக்கத் தேவையில்லை. தொழுகையின் நடுவே இமாமுக்கு உளூ முறிந்தாலோ, உடல் நலம் குன்றினாலோ, அவர் விலகிக்கொண்டு பின்னால் நிற்பவரை முன்னே நிறுத்துவார். விட்ட இடத்திலிருந்து அவர் தொடர்வார். உமர் (ரலி) அவர்கள் ஃபஜ்ரு தொழுகையில் குத்தப்பட்டபோது அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களின் கையைப் பிடித்து முன்னிறுத்தினார்கள். அவர்கள் தொழுகையைச் சுருக்கமாக முடித்து வைத்தார்கள். இங்கே கவனிக்க வேண்டியவை பல. இமாமுக்கு நேர் பின்னே நிற்பவர் எந்த நேரமும் தாம் அழைக்கப்படலாம் என்பதை அறிந்தவராக, தொழுகை எந்த நிலையில் இருக்கிறது என்பதைத் தொடர்ந்து வருபவராக இருக்க வேண்டும். அரைத் தூக்கத்தில் இருப்பவரை முன்னே நிறுத்த முடியாது. (நம் பள்ளிகள் பலவற்றில் அந்த இடம் யாருக்கு ஒதுக்கப்படுகிறது என்பதை இன்னொரு நாள் பேசுவோம்.) பழையவர் முதலில் விலகுகிறார், பிறகே புதியவர் முன்னேறுகிறார். ஒரே ஜமாஅத்துக்கு ஒரே நேரத்தில் இரண்டு இமாம்கள் இருக்க முடியாது.

தரவுத்தளத்திலும் வரிசை இதுதான். பழைய முதன்மைச் சர்வர் எழுதுவதை நிறுத்திவிட்டது என்று உறுதியாகத் தெரியாத வரை புதியதை உயர்த்தக் கூடாது. தெரியவில்லை என்றால் அதன் மின்சாரத்தையே துண்டித்துவிட வேண்டும். கேட்பதற்குக் கடுமையாக இருக்கும்; ஆனால் இரண்டு இமாம்களை விட, சிறிது நேரம் இமாம் இல்லாதிருப்பது மேல். இந்தத் துண்டிக்கும் படியை நிர்வாகப் பக்கத்தில் இணைக்காமல் உயர்த்தும் பொத்தானை மட்டும் இணைத்து வைத்திருப்பவர்களைப் பார்க்கிறோம். எங்களைக் கேட்டால், அப்படிப்பட்ட பக்கத்தில் அந்தப் பொத்தானே இருக்கக் கூடாது.

அடுத்தது பின்தங்கல். பெரும்பாலான இடங்களில் முதன்மைச் சர்வர் ஒரு பதிவை எழுதியதும், நகல் அதைப் பெற்றுக்கொண்டதா என்று காத்திராமலேயே வாடிக்கையாளரிடம் 'பதிவாகிவிட்டது' என்று சொல்லிவிடும். போஸ்ட்கிரெஸ், மை எஸ்க்யூஎல் இரண்டும் மாற்றி அமைக்கப்படாத வரை இப்படித்தான் இயங்கும். நகல் எப்போதும் ஒரு மூச்சளவு பின்னால் இருக்கும்; சுமை கூடினால் சில நிமிடங்கள் கூடப் பின்தங்கும். தம்மாமிலிருந்து ஒருவர் ஊரிலுள்ள தாயின் மருத்துவச் செலவுக்கு 20,000 ரூபாய் அனுப்புகிறார். அவருடைய கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வந்துவிடுகிறது. மறு வினாடி முதன்மைச் சர்வர் விழுகிறது. அந்த வரி நகலைச் சென்று சேரவில்லை. நகலை உயர்த்திய கணத்திலிருந்து, நிறுவனத்தின் கணக்கில் அப்படி ஒரு பணம் வரவே இல்லை. கையில் குறுஞ்செய்தியோடு நிற்கும் அந்த மனிதரிடம் கிளை ஊழியர் என்ன சொல்வார்?

காத்திருந்து, நகலும் பெற்றுக்கொண்டது என உறுதியான பின்னரே 'பதிவாகிவிட்டது' என்று சொல்லுமாறு அமைக்கலாம். அதற்கு விலை உண்டு: ஒவ்வொரு பதிவும் சற்றே தாமதமாகும், நகல் நின்றுபோனால் எழுதுவதும் நின்றுபோகலாம். எவ்வளவு இழப்பைத் தாங்கலாம், எவ்வளவு தாமதத்தைத் தாங்கலாம் என்பது நிர்வாகத்தின் முடிவு. மக்களின் பணமும் நோயாளியின் மருந்துக் குறிப்பும் அமானிதமாக ஒப்படைக்கப்பட்டவை. அந்த முடிவை இரவுப் பணியிலிருப்பவன் தலையில் கட்டக் கூடாது. ஆனால் நடப்பது என்ன? போஸ்ட்கிரெஸ் கிளஸ்டர்களை நிர்வகிக்கும் பாட்ரோனி மென்பொருளில், எத்தனை பைட் பின்தங்கிய நகலைத் தலைமைக்குத் தகுதியற்றதாகக் கருதலாம் என்று ஓர் எண் இருக்கிறது. யாரும் தொடாவிட்டால் அது 1048576, அதாவது ஒரு மெகாபைட். ஒரு மெகாபைட்டுக்குள் எத்தனை பேருடைய பரிவர்த்தனைகள் அடங்கும் என்று கேட்ட மேலாளரை நாங்கள் இதுவரை கண்டதில்லை.

'மனிதனிடம் ஏன் விட வேண்டும், இயந்திரமே முடிவெடுக்கட்டுமே' என்பார் உண்டு. அதிலும் பாதி உண்மையே இருக்கிறது. 2018 அக்டோபர் 21 அன்று கிட்ஹப் நிறுவனம் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் பழுதான ஒரு நெட்வொர்க் கருவியை மாற்றும் வழக்கமான பணியில் இருந்தது. அதன் கிழக்குக் கரைத் தரவு மையத்துக்கான தொடர்பு 43 வினாடிகள் அறுந்தது. நாம் மேலே சொன்ன ஆர்கெஸ்ட்ரேட்டர்தான் அங்கும் காவல். அதன் காவலர்களுள் பெரும்பான்மையினருக்குக் கிழக்குத் தரவு மையம் தெரியவில்லை. எனவே விதிப்படி மேற்குக் கரைச் சர்வர்களை முதன்மையாக்கிவிட்டது. இயந்திரம் தவறு செய்யவில்லை. சொன்னதைச் செய்தது.

தொடர்பு திரும்பியபோது கிழக்கில் சில வினாடிகளின் பதிவுகள் மேற்கை அடையாமல் நின்றன. மிகவும் சுமை மிகுந்த கிளஸ்டரில் மட்டும் அப்படி 954 பதிவுகள். அதற்குள் மேற்கிலோ ஏறக்குறைய நாற்பது நிமிடப் புதிய பதிவுகள் குவிந்துவிட்டன. எந்தப் பக்கம் திரும்பினாலும் யாரோ ஒருவருடைய உழைப்பை இழக்க வேண்டும். கிழக்கிலுள்ள செயலிகள் ஒவ்வொரு பதிவுக்கும் நாட்டைக் கடந்து மேற்குக்குச் சென்று வந்ததால் தளமே தள்ளாடியது. வேகத்தை விடத் தரவே முக்கியம் என்று முடிவெடுத்து, காப்புப் பிரதிகளிலிருந்து பொறுமையாக மீட்டார்கள். 43 வினாடிக் கோளாறுக்கு 24 மணி 11 நிமிடங்கள் சேவை குன்றியிருந்தது. பின்னர் செய்த முதல் வேலை, ஒரு பிராந்தியத்தின் எல்லையைத் தாண்டி ஆர்கெஸ்ட்ரேட்டர் தானாகத் தலைமையை மாற்ற முடியாதபடி கட்டியதுதான்.

இதிலிருந்து எங்களுக்குப் பிறந்த கருத்து இது. ஒரே ஊருக்குள், ஒன்றுக்கொன்று அருகிலுள்ள சர்வர்களுக்கு இடையே இயந்திரமே முடிவெடுக்கட்டும். ஆனால் காவலர்கள் மூவராவது வேண்டும்; இருவர் மட்டும் இருந்தால் தொடர்பு அறுந்ததும் இருவருமே தம்மைச் சரியென்பார்கள். பாட்ரோனியின் அமைப்பில் ஒரு நல்ல பண்பு உண்டு: தலைமைச் சர்வர் தன் உரிமையை அடிக்கடி புதுப்பித்துக்கொள்ள வேண்டும், வழக்கமான அமைப்பில் அந்த உரிமைக்கு ஆயுள் 30 வினாடிகள். புதுப்பிக்க இயலாவிட்டால் தானே பதவியிலிருந்து இறங்கிவிடும். யாரும் கழுத்தைப் பிடித்து இறக்கத் தேவையில்லை. (மனிதர்களுள் இது அரிது.) ஊர் தாண்டி, கடல் தாண்டித் தலைமையை மாற்றுவதென்றால் மனிதனே முடிவெடுக்க வேண்டும், அதுவும் ஒருவனாக அன்று, இருவராக. ஒருவர் சர்வரின் நிலையை வேறொரு வழியாகவும் சோதித்துச் சொல்ல, மற்றவர் அழுத்த வேண்டும்.

நிர்வாகப் பக்கத்தைக் குறித்து இரண்டு சிறு விஷயங்கள். எத்தனையோ நிறுவனங்களில் 'அட்மின்' என்ற ஒரே கணக்கை, ஒரே கடவுச்சொல்லோடு பத்துப் பேர் பயன்படுத்துகிறார்கள். அழுத்தியது யாரென்று பதிவில் இராது. பிறகு பழி எளியவன்மீது விழும். நம் பிள்ளைகள் தமக்கெனத் தனிக் கணக்கைக் கேட்டுப் பெற வேண்டும். அது அவர்களுக்கே பாதுகாப்பு. இன்னொன்று, அந்தப் பக்கம் எங்கே குடியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். முதன்மைச் சர்வர் இருக்கும் அதே கட்டடத்தில் அதுவும் இருந்தால், கட்டடம் இருளும் நாளில் பக்கமும் திறக்காது. பொத்தானைத் தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

எல்லாவற்றையும் விட எங்களுக்கு முக்கியமாகப் படுவது ஒத்திகை. நோயில்லாத நாளில், முன்னறிவிப்போடு, இரண்டு சர்வர்களும் நலமாக இருக்கும்போதே தலைமையை மாற்றிப் பார்ப்பதற்கு ஸ்விட்ச்ஓவர் என்று பெயர். இதில் பதிவு இழப்பு இல்லை. பழையது ஒழுங்காக இறங்க, நகல் கடைசி வரி வரை பெற்றுக்கொண்டு ஏறும். இதைச் செய்ய நிறுவனங்கள் அஞ்சுகின்றன. 'ஓடுவதை ஏன் தொட வேண்டும்' என்கிறார்கள். பகலில், பத்துப் பேர் விழித்திருக்கும்போது தொடுவதற்கு அஞ்சுவதை, இரவில் ஒருவன் தனியாகத் தொட வேண்டும் என்று எப்படி எதிர்பார்க்கிறார்கள் என்பதே எங்கள் வியப்பு.

கடிதம் பெற்ற அந்தச் சகோதரர் இப்போது வேறோர் ஊரில், வேறொரு நிறுவனத்தில் இருக்கிறார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, செவ்வாய்க்கிழமை முற்பகல் பதினொரு மணிக்கு, எல்லோருக்கும் சொல்லிவிட்டுத் தலைமையை மாற்றுகிறார். பக்கத்தில் அமர்ந்து பார்க்குமாறு புதிதாகச் சேர்ந்தவர்களை அழைத்துக்கொள்கிறார்; அடுத்த முறை அழுத்துவது அவர்களே. சென்ற முறை மாற்றி முடித்து ஒரு நிமிடத்துக்குள் எல்லாச் செயலிகளும் புதிய முதன்மைச் சர்வரைக் கண்டுகொண்டன, ஒன்றைத் தவிர. சம்பளப் பட்டியல் தயாரிக்கும் அந்தச் செயலியில் யாரோ ஒருவர் பழைய சர்வரின் முகவரியை நேரடியாக எழுதி வைத்துவிட்டு வேலையை விட்டுப் போயிருந்தார். தேநீர் ஆறுவதற்குள் அதைக் கண்டுபிடித்துத் திருத்திவிட்டார்கள்.